ஆரஞ்சு ஜூஸ் பிழிஞ்ச உடனே இனிக்குது, ரெண்டு மணி நேரத்துல கசக்குது, ஏன்?

வாசல்கோலம் (பிப்ரவரி 9, காலை 11:20)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயசு, பத்து நாள் காய்ச்சல்ல படுத்து இப்பதான் எழுந்து உக்காந்திருக்காரு. சோறு இறங்கல, டாக்டர் நீராகாரமா குடுங்க பழம் குடுங்கன்னு சொன்னதால தினம் ஆரஞ்சு வாங்கி வீட்லயே பிழிஞ்சு குடுக்கிறேன். காலைல எட்டரைக்கு பிழிஞ்சு ஒரு வாய் நான் குடிச்சு பாத்தா தேன் மாதிரி இருக்கு, ஆபீஸ் கிளம்பணும்ங்கிறதால ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சிட்டு போயிடறேன், அவர் பத்தரை பதினொண்ணுக்கு எடுத்து குடிக்கும்போது கசக்குதும்மாங்கிறாரு. காய்ச்சல் வாய் அப்படித்தான்ப்பா இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நாலு நாளா நானும் சமாதானம் சொல்லிட்டு இருந்தேன்.

இன்னைக்கு லீவு. அவர் பாதி குடிச்சு வச்ச டம்ளர கழுவ எடுத்தப்ப மிச்சத்த வாய்ல விட்டு பாத்தேன். வேப்பங்கொழுந்து கடிச்ச மாதிரி அடித்தொண்டைல நிக்குது கசப்பு. பாவம் மனுஷன், பொண்ணு கஷ்டப்பட்டு பிழியறாளேன்னு நாலு நாளா இத பாதி பாதி குடிச்சிருக்காரு. எனக்கு மனசே சரியில்ல.

மிக்சில அடிக்கல, கையால திருகி பிழியற பிளாஸ்டிக் கூம்புலதான் பிழியறேன். பழத்துல ஒரு கொட்டை கூட கிடையாது. தண்ணி, சக்கரை எதுவும் சேக்கல. எங்க தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அஞ்சறைப்பெட்டி (11:34)

கொட்டைதாங்க காரணமா இருக்கும், நல்லா பாருங்க, ஒண்ணு ரெண்டு குட்டி கொட்டை நசுங்கினா போதும் முழு ஜூஸும் கசந்துடும். எங்க வீட்ல மிக்சில போடறதுக்கு முன்னாடி சுளைய ஒவ்வொண்ணா கீறி கொட்டைய எடுத்துடுவோம்.

வாசல்கோலம் (11:41)

இல்லைங்க, உண்மையிலேயே கொட்டையே இல்ல, 6 பழமும் அறுத்து பாத்துட்டேன். அதுவுமில்லாம கொட்டை நசுங்கினா பிழிஞ்ச உடனே கசக்கணுமே? எட்டரைக்கு இனிக்குதே.

ஜூஸ்கடை_அண்ணன் (12:05)

தங்கச்சி, நான் மதுரைல 11 வருசம் ஜூஸ் கடை வச்சிருந்தவன், இத தினம் பாத்தவன் சொல்றேன். சாத்துக்குடி ஜூஸ் பார்சல் வாங்கிட்டு போற ஆளுக சாயங்காலம் திரும்பி வந்து என்னண்ணே கசக்குது பழைய பழத்த போட்டுட்டீங்களான்னு சண்டைக்கு நிப்பாங்க. பழம் நல்ல பழம்தான். வாங்கி மூணு மணி நேரம் வண்டில வச்சிருந்து குடிச்சா சாத்துக்குடி கசக்கத்தான் செய்யும். அதனாலதான் நல்ல கடைல ஆள் வந்து நின்ன பெறகுதான் பழத்த அறுப்பாங்க, முன்னாடியே ஜக்குல பிழிஞ்சு வைக்க மாட்டாங்க. வச்சா அதுல சக்கரையும் ஐஸும் அள்ளி போட்டு கசப்ப மறைக்கணும்.

பிழியிற முறைலயும் கொஞ்சம் இருக்கு. கூம்புல வச்சு திருகும்போது கடேசி சொட்டு வரைக்கும் எடுக்கணும்னு வெள்ளைத் தோல் வர அழுத்தி சுரண்டுறீங்களா? அது வேணாம். பழத்த ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளிய வச்சு, உள்ளங்கைய வச்சு மேடைல நல்லா அழுத்தி உருட்டுங்க, உள்ள சுளை நெகிழ்ந்து குடுக்கும். பெறகு காம்பு மேல இருக்கிற மாதிரி வச்சு நடுவுல குறுக்க அறுங்க, நெட்டுவாக்குல அறுத்தா சுளையோட தோல் கத்திய மறிச்சு சாறு பாதி உள்ளயே நிக்கும். நாலு திருகு, லேசா. அதோட விட்டுடுங்க. ஒரு பழத்துக்கு ஒரு ஸ்பூன் சாறு போனா போகட்டும்.

வாசல்கோலம் (12:12)

அண்ணா நீங்க சொன்னது அப்படியே நான் செய்யறதுதான், கடைசி வரைக்கும் சுரண்டிடுவேன். பழம் கிலோ 180 ரூபா, வீணாக்க மனசு வரல.

ஆய்வுக்கூடம் (1:30)

ஃபுட் டெக்னாலஜி படிச்சவன்ங்கிற முறைல ரெண்டு கேள்வி கேக்கிறேன், பதில் வந்ததும் காரணம் சொல்றேன். ஒண்ணு, பழத்தோட அடிப்பக்கத்துல, அதாவது காம்புக்கு எதிர்ப்பக்கம், தொப்புள் மாதிரி ஒரு சுழி இருக்கா? அறுத்தா அந்த இடத்துல குட்டியா இன்னொரு பழம் ஒளிஞ்சிருக்க மாதிரி தெரியுமே. ரெண்டாவது, ஃபிளாஸ்க்ல ஊத்தறதா சொன்னீங்க, ஃபிளாஸ்க்க சூடா வச்சிருக்கீங்களா குளிர்ச்சியாவா?

வாசல்கோலம் (1:52)

ஆமாங்க!! தொப்புள் இருக்கு, இப்பதான் போய் பாத்துட்டு வந்தேன், 6 பழத்துலயும் இருக்கு. கடைல எகிப்து ஆரஞ்சுன்னு சொல்லி குடுத்தாங்க, பெரிசா மினுமினுன்னு, மேல ஸ்டிக்கர் ஒட்டினது. ஃபிளாஸ்க் வந்து, அவருக்கு சளி பிடிச்சிடக் கூடாதுன்னு சுடுதண்ணி ஊத்தி அலசிட்டு அந்த வெதுவெதுப்புலயே ஜூஸ ஊத்தி மூடிடுவேன். அது தப்பா?

ஆய்வுக்கூடம் (2:40)

அப்போ உங்க கைல குத்தமில்ல, ஜாதி அப்படி. அதுக்கு பேரு நேவல் ஆரஞ்சு, கொட்டையில்லாத ஜாதி, உரிச்சு சாப்பிட அதைவிட நல்ல பழம் கிடையாது, ஆனா பிழிஞ்சு வைக்க அது சரிப்படாது.

நடக்கிறது இதுதான். சுளைகள பிரிக்கிற மெல்லிசு சவ்வுலயும் உள்ள இருக்கிற வெள்ளைத் தோல்லயும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கு. பழம் முழுசா இருக்கிற வரைக்கும் அது ஒரு பக்கம், புளிப்புச் சாறு ஒரு பக்கம், ரெண்டும் கலக்காது. நீங்க பிழியும்போது சவ்வு கிழிஞ்சு அது சாறுக்குள்ள வந்துடுது. சாறோட புளிப்பும் பழத்துலயே இருக்கிற ஒரு நொதியும் சேர்ந்து அத கொஞ்சம் கொஞ்சமா லிமோனின்ங்கிற பொருளா மாத்துது. லிமோனின் கடும் கசப்பு, ஒரு லிட்டர் ஜூஸ்ல 6 மில்லிகிராம் சேந்தாலே நாக்குக்கு தெரிஞ்சிடும். இந்த மாற்றத்துக்கு நேரம் வேணும், அதான் எட்டரைக்கு தேன், பத்தரைக்கு வேம்பு. சூடு இருந்தா இன்னும் வேகமா நடக்கும், உங்க வெதுவெதுப்பான ஃபிளாஸ்க் அந்த வேலைய சீக்கிரம் முடிச்சு குடுத்திருக்கு. ஃப்ரிட்ஜ்ல வச்சா மெதுவாகும், ஆனா நிக்காது.

அண்ணன் சொன்ன சாத்துக்குடி கதையும் இதேதான். எல்லா ஜாதிலயும் ஒரே அளவு இருக்காது. வேலன்சியான்னு ஒரு ஜாதி இருக்கு, அதுல இது கம்மி, உலகத்துல ஜூஸுக்குன்னே அதிகமா போடறது அதுதான். நேவல்லயும் சீசன் கடைசில நல்லா பழுத்தது குறைவா கசக்கும், ஏன்னா பழுக்க பழுக்க மரமே அந்த பொருள்ல சர்க்கரைய சேத்து கசப்பில்லாத வடிவமா மாத்தி வச்சிடும்.

இன்னொரு சேதி, கேட்டப்ப எனக்கே ஆச்சரியமா இருந்தது. கொட்டை இல்லாததால நேவல் ஒட்டுக் கட்டித்தான் பெருகும். பிரேசில்ல பாஹியா பக்கம் இருந்து கிளம்பின மரத்தோட கன்னு 1873ல கலிஃபோர்னியா ரிவர்சைடுக்கு போச்சு, அந்த முதல் மரங்கள்ல ஒண்ணு இன்னும் அந்த ஊர்ல உயிரோட நிக்குது. அங்க பரவின நேவல் எல்லாம் அந்த முதல் மரங்களோட ஒட்டுதான்.

வாசல்கோலம் (3:05)

படிச்சுட்டு அப்பாகிட்ட போய் சொன்னேன். காய்ச்சல் வாய் இல்லப்பா, பழம்தான்னு. "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னாரு. ரொம்ப நன்றிங்க. அப்போ எந்த பழம் வாங்கறது? எங்க கடைல இப்ப நாக்பூர் ஆரஞ்சு, கின்னோ, சாத்துக்குடி, இந்த எகிப்து எல்லாம் இருக்கு.

விதர்ப_தமிழச்சி (4:20)

நாக்பூர்ல 19 வருஷமா இருக்கேன், வீட்டுக்காரர் ரயில்வே. இங்க சந்த்ராம்பாங்க. வருஷத்துக்கு ரெண்டு காய்ப்பு. நவம்பர் டிசம்பர் வாக்குல வர்றது அம்பியா பஹார், கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்கும். பிப்ரவரி மார்ச்ல வர்றது மிருக் பஹார், அதுதான் இனிப்பு. இப்ப உங்க ஊருக்கு வர்றது மிருக்தான், தைரியமா வாங்குங்க. வாங்கும்போது தோலோட அழக பாக்காதீங்க, கைல எடுத்து எடைய பாருங்க, அளவுக்கு மீறி கனமா இருந்தா சாறு இருக்கு. தோல் உப்பிப்போய் உள்ள சுளை தனியா ஆடினா அது காஞ்சது.

ஆனா இந்த பழத்த கூம்புல வச்சு பிழிய முடியாது, தோல் தொளதொளன்னு இருக்கிறதால திருகினா பிச்சுக்கிட்டு வந்துடும், வெள்ளை நாரும் தோல் எண்ணெயும் சாறோட கலந்து காறும். நாங்க என்ன பண்ணுவோம்னா உரிச்சு, நாரெல்லாம் எடுத்து, சுளையோட முதுகுப்பக்கம் இல்லாம மெலிசான உள்பக்கம் கத்தரிக்கோலால ஒரு வெட்டு வெட்டி கொட்டைய தள்ளிடுவோம். அப்புறம் மிக்சி ஜார்ல போட்டு குமிழ இடது பக்கம் திருப்பி விட்டு விட்டு ரெண்டே தடவ, அதுக்கு மேல ஓட்டக்கூடாது. பெரிய கண்ணு வடிகட்டில ஊத்தி கரண்டியால லேசா தட்டினா போதும், அழுத்தி தேய்க்க வேணாம். 6 பழம் உரிச்சா ரெண்டு டம்ளர் சொச்சம் வரும், கிலோவுக்கு 400, 450 மில்லி. அதுக்கு மேல வந்தா சக்கையையும் சேத்து அரைச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

மேல நுரை கட்டும். பயப்படாதீங்க, காத்து ஏறினதுதான்.

அஞ்சறைப்பெட்டி (4:33)

கத்தரிக்கோல் ஐடியா சூப்பர் அக்கா, நான் இவ்ளோ நாள் நகத்தால கீறிட்டு இருந்தேன்.

மருந்துச்சீட்டு (5:10)

கின்னோ பத்தி யாரும் சொல்லல. பஞ்சாப் அபோகர், ராஜஸ்தான் ஸ்ரீகங்காநகர் பக்கம் இருந்து வர்ற பழம், கலிஃபோர்னியால 1915ல ரெண்டு ஜாதிய கலப்பினம் பண்ணி உருவாக்கினது. நிறம் அள்ளும், சாறும் நிறைய, ஆனா ஒரு பழத்துல 15, 20 கொட்டை இருக்கும், ஜூஸும் சீக்கிரம் கசக்கும். உடனே குடிக்கறதுன்னா மட்டும் வாங்குங்க.

நான் மருந்துக்கடைல வேல பாக்கிறவ, அதனால இதையும் சொல்லிடறேன். வீட்ல யாராவது அலர்ஜிக்கு ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரை போடறவங்க இருந்தா ஆரஞ்சு ஜூஸோட போடாதீங்க, மருந்து உடம்புல சரியா சேராது, வெறும் தண்ணில போடணும். கொலஸ்ட்ரால், பிரஷர் மாத்திரை சிலதுக்கு கிரேப் ஃப்ரூட் ஆகாது, அது ஆரஞ்சு இனத்துலயே வேற பழம், திராட்சை இல்ல, சாதாரண ஆரஞ்சோட குழப்பிக்க வேணாம். அப்புறம் கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க டாக்டர கேக்காம தினம் டம்ளர் டம்ளரா குடிக்க கூடாது, 100 மில்லில 200 மில்லிகிராம் பக்கம் பொட்டாசியம் இருக்கு.

அதுக்கு மாறா, ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரை எழுதி குடுத்திருந்தா அதை ஆரஞ்சு ஜூஸோட போடறது நல்லது, வைட்டமின் சி இரும்ப உடம்புல சேக்க உதவும். டீ காபியோட போட்டா உல்டாவா ஆகும்.

கேழ்வரகு (6:45)

எல்லாரும் ஜூஸ் ஜூஸ்னு சொல்றீங்க, நான் கொஞ்சம் மாறுபடறேன், கோவிச்சுக்க வேணாம். எங்க மாமியாருக்கு சக்கரை வியாதி, வீட்லயே பிழிஞ்சதுதானே, சக்கரை போடலையேன்னு தினம் காலைல ஒரு பெரிய டம்ளர் குடிச்சாங்க, மூணு மாசத்துல சுகர் எகிறிடுச்சு. 200 மில்லி ஜூஸ்ல பழத்தோட சொந்த சக்கரையே 17 கிராம் பக்கம் இருக்கு, நாலு ஸ்பூன். பழமா சாப்பிட்டா 100 கிராமுக்கு ரெண்டு கிராமுக்கு மேல நார்ச்சத்து இருக்கு, வடிகட்டினா அதுல பத்துல ஒரு பங்கு கூட மிஞ்சாது. ஒரு ஆளால உக்காந்து மூணு ஆரஞ்சு தின்ன முடியாது, ஆனா மூணு ஆரஞ்சு ஜூஸ ஒரு நிமிஷத்துல குடிச்சிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2015ல குறைக்க சொன்ன சக்கரைல பழ ஜூஸோட சக்கரையும் சேத்திதான். வீட்ல பிழிஞ்சதுங்கிறதால அது மாறிடாது.

ஜூஸ்கடை_அண்ணன் (7:02)

நீங்க சொல்றது நெசந்தான்மா, ஆனா அந்தத் தங்கச்சியோட அப்பா சோறு இறங்காம கெடக்காரு, மெல்லத் தெம்பு இல்ல. சாறா போனாத்தான் உள்ள போகும். அவருக்கு சுகர் இருக்கான்னு மொதல்ல கேப்போம்.

வாசல்கோலம் (7:15)

சுகர் இல்லங்க, ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுத்தாச்சு, பிரஷர் மட்டும்தான், மாத்திரை பத்தி நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்டுக்கிறேன். கேழ்வரகு அக்கா சொல்றது எனக்கு உபயோகமாத்தான் இருக்கு, அவர் தேறினதும் சுளையா குடுக்க ஆரம்பிச்சிடறேன்.

கேழ்வரகு (7:20)

அப்போ தாராளமா குடுங்கம்மா, சீக்கிரம் தேறி வரட்டும். என் கவலை வீட்டு ஜூஸ்னா எவ்ளோ வேணா குடிக்கலாம்னு நினைக்கிறவங்களுக்காகத்தான்.

புதுத்தாய் (8:50)

இடைல கேக்கறேன் மன்னிக்கணும், என் பையனுக்கு 8 மாசம், ஆரஞ்சு ஜூஸ் ரெண்டு ஸ்பூன் குடுக்கலாமா? அத்தை குடுக்க சொல்றாங்க.

மருந்துச்சீட்டு (9:05)

வேண்டாம்மா. ஒரு வயசு ஆகிற வரைக்கும் எந்த பழ ஜூஸும் வேணாம்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017ல தெளிவா சொல்லிடுச்சு. தாய்ப்பாலும் இணை உணவும் போதும். ஆரஞ்சு குடுக்கணும்னா சுளைய தோல் உரிச்சு உள்ள இருக்கிற முத்த மட்டும் மசிச்சு துளி துளியா குடுக்கலாம், உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. அத்தைகிட்ட டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லுங்க, சண்டை வராது.

பிபிலைத்தோடை (பிப்ரவரி 10, காலை 6:30)

வணக்கம், நான் யாழ்ப்பாணம். நாங்கள் இதைத் தோடம்பழம் எண்டுதான் சொல்லுறனாங்கள். எங்கட நாட்டில மொனராகலைப் பக்கம் பிபிலை எண்டு ஒரு ஊர், அங்கத்தைத் தோடம்பழம்தான் பேர்போனது. வெளியால பச்சையாத்தான் இருக்கும், காய் எண்டு நினைச்சு வாங்காமல் போறவையும் இருக்கினம், ஆனால் வெட்டினால் உள்ளுக்குள்ள நல்ல சாறு. குளிர் இல்லாத இடத்தில தோல் பச்சை விட்டு மஞ்சளாகாது, அவ்வளவுதான் விசயம். நிறத்தைப் பாத்துப் பழத்தை மதிக்கக் கூடாது.

அம்மா பிழியேக்க எப்பவும் ஒரு சிட்டிகை உப்புப் போடுவா. கனக்க இல்லை, விரல் நுனியில ஒட்டுற அளவு. உப்பு கசப்பை அமத்தும், சீனி குறைச்சுப் போட்டாலும் இனிப்புத் தெரியும். பிரஷர் உள்ள ஐயா எண்டபடியால் உப்பை விட்டிட்டு தோடம்பழத்தை மட்டும் குடுங்கோ தங்கச்சி.

அஞ்சறைப்பெட்டி (8:10)

ஜூஸ் பிழிஞ்சு 20 நிமிஷத்துக்குள்ள குடிக்கலன்னா வைட்டமின் சி எல்லாம் போயிடும்னு வாட்ஸப்ல வருதே, அது உண்மையா? அப்போ ஃபிளாஸ்க்ல வச்சதுல சத்தே இல்லையா?

ஆய்வுக்கூடம் (9:25)

அது மிகைங்க. ஆரஞ்சுச் சாறு புளிப்பானது, அந்த புளிப்பே வைட்டமின் சிய ஓரளவு காப்பாத்தும். மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு நாள் கழிச்சும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். காத்து, சூடு, செம்பு, இந்த மூணும்தான் அதுக்கு எதிரி. அதனால செம்புப் பாத்திரம், ஈயம் பூசாத பித்தளை இதுல எல்லாம் ஊத்தி வைக்காதீங்க, புளிப்பு பட்டா செம்பும் சாறுல இறங்கும், வைட்டமினும் போகும். எவர்சில்வர், கண்ணாடி போதும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2020 கணக்குப்படி ஆம்பளைங்களுக்கு நாளைக்கு 80, பொம்பளைங்களுக்கு 65 மில்லிகிராம் வேணும், ஒரு 200 மில்லி டம்ளர்லயே அது கிடைச்சிடும்.

நான் பயப்படறது வைட்டமினுக்காக இல்ல, கிருமிக்காக. வீட்ல பிழியறது காய்ச்சாத சாறு. தோல்மேல இருக்கிற அழுக்கு கத்தி வழியா உள்ள போகும், அதனால உரிச்சு எறியப்போற தோல்தானேன்னு நினைக்காம அறுக்கறதுக்கு முன்னாடி ஓடற தண்ணில நல்லா தேச்சு கழுவணும். காய்ச்சல்ல இருந்து எழுந்த வயசானவருக்கு வெதுவெதுப்பா ரெண்டு மூணு மணி நேரம் ஃபிளாஸ்க்ல வச்ச பச்சை சாறு குடுக்கறத இனிமே கண்டிப்பா நிறுத்திடுங்க. பிழிஞ்சா உடனே குடிக்கணும், இல்லன்னா ஃப்ரிட்ஜ்.

இதுக்கு பயந்து டப்பா ஜூஸுக்கு போயிடாதீங்க. மேல நூறு சதவீதம் பழச்சாறுன்னு போட்டு வித்ததுல நிறைய, கெட்டியாக்கின சாறுல தண்ணி கலந்து திரும்ப உண்டாக்கினது, 2024 ஜூன்ல உணவு பாதுகாப்பு ஆணையமே அந்த நூறு சதவீதங்கிற வாசகத்த எடுக்க சொல்லிச்சு.

வாசல்கோலம் (பகல் 1:40)

நேத்து ராத்திரி தூக்கமே வரல, அதனால இன்னைக்கு காலைல ஒரு சோதனை பண்ணி பாத்துட்டேன். பக்கத்து தெரு கடைல இன்னொரு எகிப்து பழம் இருந்தது, தொப்புள் இல்லாதது, தோல் மெலிசா கெட்டியா ஒட்டி இருந்தது, உள்ள ரெண்டு மூணு கொட்டை. வேலன்சியான்னு பெட்டில எழுதியிருந்ததா கடைக்கார தம்பி சொன்னாரு. அது ஒண்ணு, என்கிட்ட இருந்த தொப்புள் பழம் ஒண்ணு, நாக்பூர் ஒண்ணு. மூணையும் தனித்தனி எவர்சில்வர் டம்ளர்ல பிழிஞ்சு, தட்டு போட்டு மூடி, மேல சீட்டு எழுதி வச்சு வெளியவே மேடைல வச்சேன். மணி 9:10.

10:10க்கு ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூன். மூணும் நல்லாதான் இருந்தது, தொப்புள் மட்டும் விழுங்கின பிறகு லேசா ஏதோ ஒட்டின மாதிரி.

11:10க்கு தொப்புள் பழம் கசப்பு, சந்தேகமே இல்ல, முதல்ல இனிப்பு வருது, அது இறங்கினதும் நாக்கோட பின்னாடி கசப்பு வந்து உக்காருது. நாக்பூர்ல துளி. வேலன்சியா அப்படியே.

12:30க்கு தொப்புள் குடிக்கவே முடியல. நாக்பூர்ல கசப்பு தெரியுது ஆனா குடிக்கலாம். வேலன்சியா புளிப்பு மட்டும் கொஞ்சம் ஏறின மாதிரி இருந்தது, கசப்பு எனக்கு தெரியல.

அண்ணன் சொன்னபடி சுரண்டாம பிழிஞ்ச இன்னொரு தொப்புள் பழம் தனியா வச்சிருந்தேன். அதுவும் கசந்தது, ஆனா கம்மியா. சுரண்டறத நிறுத்தியாச்சு.

ஆய்வுக்கூடம் (2:15)

அருமை, நாலாவது டம்ளர் வச்சது ரொம்ப சரி. ஜாதி முக்கால்வாசி, கை கால்வாசின்னு எடுத்துக்கலாம்.

மலைத்தோட்டம் (5:30)

தாண்டிக்குடிக்கு பக்கத்துல எங்களுக்கு கொஞ்சம் காப்பித் தோட்டம். இவ்வளவு பேசினதுல எங்க கமலா ஆரஞ்சு பேரு வரலையேன்னு மனசு கேக்கல. எங்க தாத்தா காலத்துல காப்பிக்கு நடுவுல நிழல் மரத்தோட மரமா கமலா ஆரஞ்சு நின்னுச்சு, கீழ்ப்பழனி மலை முழுக்க அப்படித்தான். சாத்துக்குடி மாதிரி இறுக்கமான தோல் இல்ல, கட்டை விரல வச்சு அமுக்கினா கழண்டு வந்துடும், வாசம் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே தெரியும். நோய் விழுந்து மரம் ஒண்ணொண்ணா கருகிப் போச்சு, இலை மஞ்சப் பூத்து, நுனிக்கொம்பு காஞ்சு, பழம் சிறுத்து. எங்க தோட்டத்துல இப்ப 9 மரம்தான் நிக்குது. வத்தலகுண்டு, திண்டுக்கல் பக்கம் போனா ரோட்டோரம் கூடைல வச்சு விப்பாங்க, சின்னதா, தோல்ல கரும்புள்ளி இருக்கும், பாக்க அழகா இருக்காது. அத வாங்கி உரிச்சு பிழிஞ்சு குடிச்சு பாருங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.

தோலையும் தூக்கிப் போடாதீங்க. எங்கம்மா குழம்பு வைப்பாங்க. தோலோட உள்பக்க வெள்ளைய கத்தியால வழிச்சு எடுத்துட்டு பொடியா நறுக்கி, உப்பு போட்ட சுடுதண்ணில பத்து நிமிஷம் ஊறவச்சு பிழிஞ்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு இன்னொரு தடவ அதே மாதிரி. நல்லெண்ணெய்ல கடுகு, வெந்தயம், வர மிளகாய், பெருங்காயம் தாளிச்சு தோலப் போட்டு சுருள வதக்கி, புளித்தண்ணி கெட்டியா ஊத்தி, குழம்புப் பொடி, உப்பு, கடைசில ஒரு எலுமிச்சங்காயளவு வெல்லம். எண்ணெய் மேல வர்ற வரைக்கும் கொதிக்கணும். ரெண்டு நாள் வச்சு சாப்பிடலாம், மறுநாள்தான் ருசி. மெழுகு பூசின வெளிநாட்டுப் பழத்தோல்ல செய்யாதீங்க.

விதர்ப_தமிழச்சி (6:05)

குழம்ப படிக்கவே வாய் ஊறுது. வாய் கசந்து கிடக்கிற காய்ச்சல்காரங்களுக்கு வத்தக்குழம்பு மாதிரி இதுவும் நாக்க எழுப்பி விடும்.

ஜூஸ்கடை_அண்ணன் (8:40)

தங்கச்சி ஒரு விசயம் யோசிச்சேன். நீங்க ஆபீஸ் போயிட்டா பதினொரு மணிக்கு யாரு பிழிஞ்சு குடுப்பா? பிழிஞ்சு வைக்காதீங்கன்னு நாங்க பாட்டுக்கு சொல்லிட்டோம். ரெண்டு கைப்பிடி வச்ச அலுமினிய பிழியறது இருக்கு பாருங்க, அரை மூடிய கவுத்தி வச்சு மேல் பிடிய கீழ அமுக்கினா சாறு கீழ இறங்கிடும், திருக வேண்டியதில்ல, வயசானவங்களும் அமுக்கலாம். சாறு குடிச்ச உடனே கழுவிடணும், புளிப்பு பட்டு கெடந்தா அலுமினியம் கருத்துடும். எவர்சில்வர்ல கெடைச்சா இன்னும் நல்லது. பழத்த கழுவி துடைச்சு அவர் கைக்கெட்டுற எடத்துல வச்சிட்டுப் போங்க, அறுக்காம. கத்தி குடுக்கப் பயமா இருந்தா பக்கத்து வீட்ல யாரையாவது அறுத்து மட்டும் குடுக்கச் சொல்லுங்க.

வாசல்கோலம் (பிப்ரவரி 13, இரவு 7:50)

மூணு நாளா எழுத நேரமில்ல. எவர்சில்வர் பிழியறது கிடைச்சுது, வேலன்சியா 2 கிலோ வாங்கி வச்சேன். எதிர் வீட்டு அக்கா பதினொரு மணிக்கு வந்து ரெண்டு பழம் அறுத்து குடுத்துட்டு போறாங்க, அப்பா தானே அமுக்கி குடிக்கிறாரு. டாக்டர்கிட்ட மாத்திரையும் கேட்டாச்சு, ஒண்ணும் பிரச்சனையில்லைன்னுட்டாரு. ஃபிளாஸ்க்க மேல் அலமாரில ஏத்திட்டேன்.

இன்னைக்கு சாயங்காலம் வந்து பாக்கறேன், சமையல் மேடைல ஒரு கிண்ணத்துல நாக்பூர் பழம் மூணு உரிச்சு, நார் எல்லாம் எடுத்து, கொட்டை தள்ளி வச்சிருக்கு. பக்கத்துல கத்தரிக்கோல். நான் களைச்சு வருவேன்னு எனக்கு எடுத்து வச்சிருக்காரு. மிக்சில ரெண்டு சுத்து விட்டு ரெண்டு டம்ளரா ஊத்தி ரெண்டு பேரும் குடிச்சோம். தோலக் கூட தனியா ஒரு தட்டுல போட்டு வச்சிருக்காரு, மலைத்தோட்டம் சொன்னத நான்தான் படிச்சு காட்டியிருந்தேன். நாளைக்கு சனிக்கிழமை, குழம்பு வைக்கணும். வெந்தயம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க.

மலைத்தோட்டம் (8:15)

மூணு பழத் தோலுக்கு கால் ஸ்பூன் போதும்மா, சிவந்ததும் உடனே அடுத்தத போட்டுடுங்க, கருக விட்டா அது வேற கசக்கும்.